பூமித்தாயின் பங்கு

செவ்வாய்க்கிழமை, பகல் 1.40. கார்னிவல் திருவிழாப் பட்டாசு லா பாஸ் மலைநகரம் முழுக்க வெடித்துக்கொண்டிருந்தபோது, மிலேனா தன் அறை வாசலில் குப்புறக் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் போட்ட கத்தலில் தெருவே கூடிவிட்டது.

நாங்கள் இருவரும் இந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்கள். எங்கெங்கோ இருக்கும் கம்பெனிகளுக்கு லேப்டாப்பில் வேலை. நான் வந்து மூன்று வருடம், அவள் எட்டு மாதம். சற்று முன்புதான் முற்றத்தில் வீட்டுக்குப் பூசை போட்டு, பூ தூவி, சாராயம் கலந்த ஊதாச் சோளக் கஞ்சி குடித்திருந்தோம். வீட்டுக்காரம்மா டோனா காசில்டா, அவர் தம்பி டான் ஃபெர்மின், நாங்கள் இருவர். குடிக்கும் முன் முதல் சொட்டைப் பூமித்தாய்க்கென்று தரையில் விடுவது இங்கே வழக்கம்.

"மலை மயக்கம். வெளியூர்ப் பொண்ணுங்களுக்கு வர்றதுதான்," என்றார் ஃபெர்மின். வீட்டு வைஃபை எல்லாம் அவர் பொறுப்பு.

"எட்டு மாசம் கழிச்சா வரும்?" என்றபடி உள்ளே வந்தார் போலீஸ் லெப்டினன்ட் வாரா. குட்டையான பெண், பின்னலில் இன்னும் வண்ணக் காகிதத் துணுக்குகள்.

2.30. மிலேனாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலிருந்து வாராவுக்கு டாக்டர் போன். "உள்ளே ஏதோ விஷம் போயிருக்கு. லேப் கார்னிவலுக்குப் பூட்டிக் கெடக்கு. என்னன்னு தெரியாம கண்ட மருந்தைக் குடுக்க முடியாது. சீக்கிரம் பேரைச் சொல்லுங்க, இல்லன்னா பொண்ணு தாங்காது."

வாரா எங்கள் பக்கம் திரும்பினார்.

"கஞ்சி காய்ச்சினது?"

"நான்தான் தாயி," என்றார் காசில்டா. "ஒரே பானை. எல்லாருமே குடிச்சோமே!"

"கொண்டுவந்தது?"

"நான்," என்றேன். "அவளுக்கு மட்டும் அவளோட சொந்தக் கோப்பைல."

"அப்ப எது அவளோடதுன்னு உனக்குத் தெரியும்."

"ஐயோ மேடம், வீட்டுல எல்லாருக்கும் தெரியும்! அடுப்படில எல்லாரும் போய் வந்துக்கிட்டுதான் இருந்தோம்."

"காலையில அவ ஏதாவது சொன்னாளா?"

"பூசை முடிஞ்சதும் ஒண்ணு காட்டணும்னா. அதுவரைக்கும் ரூம்ல டிரஸ் மாத்தாதேன்னா. விளையாடுறான்னு நினைச்சேன்."

"கிறுக்குப் பொண்ணு," என்று சிரித்தார் ஃபெர்மின்.

வாரா முற்றத்துக் கல்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நாலு நாற்காலி. ஊதாக் கறை மூணுதான். பூமித்தாய்க்கு முதல் சொட்டு விடாம குடிச்சது யாரு?"

"கறை இல்லாதது மிலேனாவோட நாற்காலி," என்றார் காசில்டா. "அவ விடத்தான் போனா. என் தம்பி இவன்தான் கையைப் பிடிச்சுட்டான். உனக்கும் சேர்த்து நானே விட்டுட்டேன், ஆறிடும் குடின்னான்."

"ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் விடலாமா, டான் ஃபெர்மின்?"

"ஏதோ... அவசரத்துல..."

வாரா மிலேனாவின் கோப்பையை நீட்டினார். அடியில் கொஞ்சம் கஞ்சி மிச்சம் இருந்தது. "இதுல ஒண்ணும் இல்லைல்ல? அவ பங்கை இப்ப விடுங்க. ரெண்டு சொட்டு. விட்டுட்டுக் கிளம்புங்க."

ஃபெர்மின் வாங்கினார். கோப்பை சாய்ந்தது, சட்டென்று நிமிர்ந்தது. அதைக் கல்தரையில் வைத்துவிட்டார்.

"முடியாது," என்று அழுதார். "பூமித்தாய் வாயில விஷத்தை ஊத்தச் சொல்றீங்களா?"

"பொண்ணு வாயில மட்டும் ஊத்தலாமா?" என்றார் வாரா. "மனுஷங்களுக்குப் பயப்படாதவன் மண்ணுக்குப் பயந்துட்டே. அந்த நாலாவது கறை இருந்திருந்தா உன்னைப் பிடிச்சிருக்கவே முடியாது."

காசில்டா தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "என்னடா கலந்தே? சொல்லுடா பாவி!"

"உன் தூக்க மாத்திரைதான்க்கா... அட்டை முழுசும்."

நான் அதற்குள் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டேன்.

மிலேனாவின் அறையில் இருந்த வைஃபை பெட்டியை வாரா பிரித்தார். உள்ளே சின்னதாக ஒரு கேமரா. அவள் எனக்குக் காட்ட நினைத்தது அதைத்தான். அவள் அதைக் கண்டுபிடித்ததை ஃபெர்மின் அந்தக் கேமரா வழியாகவே பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை மிலேனா கண் விழித்துவிட்டாள் என்று போன் வந்தது. அழுது தீர்த்துவிட்டு என் அறைக்குப் போனேன். அங்கேயும் அதே பெட்டிதான். சுத்தியலால் உடைத்தேன். உள்ளே அதே கண், என் கட்டிலைப் பார்த்தபடி, மூன்று வருடமாக.