பேர் சுரண்டிய குமிழ்

"என் நெஞ்சு துடிக்கிறத நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு, அந்த வேலைய என் தாளப்பெட்டிதான் பாக்குது" என்று எலியேசர் கார்த்தஹேனா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கூரை உயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கித் தெருவையே ஆடவைத்தவர். அவர் பாட்டுப் போட்டால் கடலில் மீன்கள் ஜோடி தேடுமாம். அதனால் எல்லோரும் நம்புவதுபோல் தலையாட்டினார்கள். முகத்துக்கு நேரே புளுகு என்றவன் அதே தொழில் செய்த அர்னுல்ஃபோ ஒருவன்தான்.

எலியேசர் செத்ததும், பாட்டுக்குத் தானே மேளம் தட்டும் அந்தப் பழைய மின்சாரத் தாளப்பெட்டியைக் கெஞ்சி வாங்கியவனும் அவனே. புதுப் பெட்டிகள் தகரத்தைத் தட்டும். இது வயிற்றுக்குள் தட்டும். தரும்போது எலியேசரின் மனைவி நொயெமி ஒரு குமிழைத் தொடாமல் சுட்டினாள்.

"இதைத் திருகினதுலேருந்துதான் அவருக்கு அப்படி. தொடக்கூடாதுன்னு குமிழுக்கு அடியில எழுதி வெச்சிருக்கேன், தொட்டுடாத. அவர் போன அன்னிக்கு எனக்குத் தலைவலி. நான்தான் பெட்டிய நிறுத்தினேன். மத்தியானம் தூங்கினவர் எழுந்திருக்கல."

"கதை விடுறதுல அவரையே மிஞ்சிட்டீங்கக்கா."

வீட்டுக்கு வந்ததும், அந்தத் தொழிலில் எவனும் செய்வதைத்தான் செய்தான். போட்டிக்காரன் எட்டிப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாதென்று இசைத்தட்டின் பேரைச் சுரண்டுவார்களே, அதுபோலப் பெட்டியின் எழுத்தையெல்லாம் பிளேடால் சுரண்டினான். நொயெமியின் எழுத்தும் போயிற்று. ஒரே அச்சில் வார்த்த கறுப்புக் குமிழ்கள் மிஞ்சின.

ஓணான்கூட ஃபிரிட்ஜுக்குள் இடம் கேட்கும் வெயில். ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியின் முனகலுக்கும் பக்கத்து வீட்டில் தேங்காய்ச்சோறு அடிப்பிடிக்கும் வாசனைக்கும் நடுவே பெட்டியை ஓட்டினான். சூடேறிய தூசி மணத்தது. தும். தும். ஈரமணலில் வெறுங்கால் பதிவதுபோல அத்தனை உருண்டையான ஓசை. சொக்கிப்போய் ஒரு குமிழைத் திருகினான், பிறகு இன்னொன்றை, பிறகு எதையோ. விலாவுக்குள் ஏதோ நழுவியது, இருட்டில் கடைசிப் படி இல்லாமல் போனதுபோல.

தாளத்தின் வேகத்தைக் கூட்டினான். மூச்சிரைத்தது. குறைத்தான். விரல்கள் சில்லிட்டன.

திருப்பி வைக்கவேண்டும். எந்தக் குமிழை?

மின்சாரம் போயிற்று. விசிறி நின்றது. தெருவின் வானொலிகள் நின்றன. பெட்டி நிற்கவில்லை.

மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. கழுத்தை. ஒன்றுமில்லை.

தும். தும்.

மனைவி யதிரா நெற்றியைப் பிடித்தபடி வந்தாள். "கரண்டே இல்ல, இது மட்டும் எப்படி ஓடுது? நிறுத்தித் தொலை, தலை வலிக்குது."

பொத்தானை நோக்கி நீண்ட அவள் கையைப் பிடித்தான். அவள் தலையை இழுத்துத் தன் மார்பில் வைத்தான். கேட்டாள். காதை மாற்றி வைத்துக் கேட்டாள். மெல்ல விலகிப் பெட்டியைப் பார்த்தாள்.

கறுப்புக் குமிழ்களில் ஒன்று, யாரும் தொடாமலே, இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

தும்.

வெகுநேரம் கழித்து, தும்.

"கிழவன் புளுகல, யதிரா" என்றான்.

அடுத்த அடிக்காக இருவரும் காத்திருந்தார்கள்.