நெருப்புக்குப் பக்கத்தில் ஓர் இடம்

விறகோடு திரும்பி வந்த முருகையா புகைக் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் பெண்சாதி பஞ்சாலை, அவன் படுக்கவைத்த இடத்தில் இல்லை. நெருப்புக் குழியிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் படுத்திருந்தாள். குளிர் காய்ச்சல் மூன்று நாளாகப் போட்டு உலுக்கியதில், புரண்டு படுக்கக்கூடத் தெம்பில்லாத மனுஷி அவள்.

மணி நாலுதான் இருக்கும். ஆனால் மலாயாவில் மம்பாவ் பக்கம் டிசம்பர் மழை பிடித்துக்கொண்டால் நாலு மணிக்கே எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. ரப்பர் தோட்டம் உடையப்ப செட்டியாருடையது. வேலைக்கு ஆள் வைத்தவர் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தை ஒழுகாமல், ஈரம் அண்டாமல் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. இருந்து என்ன செய்ய? லயத்துக் கூரையில் அத்தாப்பு ஓலை மக்கி வானம் தெரிந்தது. தரை சேறாகி, அடுப்பு மூட்டினால் பற்றவில்லை. போன மழையில் அந்த ஒரே லயத்தில் ஏழு பேர் காய்ச்சலும் ஈரக்குளிருமாக விறைத்துச் செத்தார்கள். ரப்பர் பாலை உறையவைத்து அழுத்திய சீட்டு காய்கிற புகைக் கொட்டகைக்கு மட்டும் நல்ல பலகைச் சுவர், தகரக் கூரை, இரவும் பகலும் அணையாத நெருப்பு. சீட்டுக்குக் குளிர்ந்துவிடக் கூடாதாம்! அந்த நெருப்பைப் பார்த்துக்கொள்வதுதான் முருகையாவின் வேலை.

காலையில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசுவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தான்.

"மழை விடட்டும்லா, கூரைய மாத்திடலாம்" என்றார் கிராணி. போன வருஷமும் இதையேதான் சொன்னார்.

"அதுவரைக்கும் அவளைப் புகைக் கொட்டகையில படுக்க வச்சுக்கட்டுங்களா ஐயா?"

"சீட்டு காயுற எடத்துல சீக்காளியா? உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

கிராணி சிரம்பானுக்கு வண்டி ஏறியதும், முருகையா அவளைக் கோணிச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்துவிட்டான். வேலை போனால் போகிறது. இவள் போய்விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இப்போது அவளை மறுபடி நெருப்போரம் இழுத்துக் கிடத்தினான்.

"ஏன் புள்ள தள்ளிப் போன?"

"மணியண்ணன் எடம் கேட்டாரு மாமா. தொப்பலா நனைஞ்சு வந்திருக்காரு, பாவம்."

மணியம், செத்த ஏழு பேரில் முதல் ஆள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று முருகையா மனசைத் தேற்றிக்கொண்டு அடுத்த நடைக்குப் போனான்.

விறகுக் கொட்டில் இருபது எட்டு தூரம்தான். தகரத்தில் மழை அறைந்துகொண்டே இருந்தது. புளித்த ரப்பர் பாலின் வாடையும் புகையும் ஈரச் சாக்கின் நாற்றமும் கலந்து நெஞ்சை அடைத்தன. மூங்கில் கழிகளில் வரிசை வரிசையாகத் தொங்கிய சீட்டுகள், காற்று புகவே முடியாத அந்தக் கொட்டகையில், ஆள் உரசிப் போனதுபோல ஒவ்வொன்றாக அசைந்து நின்றதை அவன் உள்ளே நுழைந்ததும் பார்த்தான். மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தமும் இருந்தது. பல் கிடுகிடுக்கிற சத்தம். பஞ்சாலை ஒருத்தியின் பல் இல்லை, நிறையப் பேருடைய பல்.

அவள் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெருப்புக்கும் அவளுக்கும் நடுவே இப்போது ஆறேழு முழம்.

"இன்னும் நாலு பேரு வந்துட்டாங்க மாமா. ஒருத்தி கைப்புள்ளக்காரி. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

குழியில் நெருப்பு ஆளுயரம் எரிந்தது, ஆனால் சூடு வரவில்லை. முருகையா கையை நீட்டினான். இன்னும் நீட்டினான். விரல் நுனியில் தோல் சுருங்கிக் கறுத்தது. சுடவில்லை.

"இது எம் பொண்டாட்டிக்குக் கொண்டாந்த எடம்!" என்று வெறும் இருட்டைப் பார்த்துக் கத்தினான். "செட்டியாரு வீட்டுல போயிக் கேளுங்க!"

பல் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் மறுபடி தொடங்கியது.

ஒரு நாள் எரிய வேண்டிய கட்டைகள் கண்ணெதிரே சாம்பலாகிக்கொண்டிருந்தன. விறகு இல்லாவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள். மழைக்குள் தூக்கிக்கொண்டு போனாலும் பிழைக்க மாட்டாள். அவளை நெருப்போரம் உட்காரவைத்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்தான்.

"நகராத. யாரு கேட்டாலும் நகராத."

"சரி மாமா."

ஓடினான். அள்ளினான். திரும்பி ஓடி வந்தான்.

பஞ்சாலை வெளியே இருந்தாள்.

சுவரோரம். சேற்றில். முழங்காலைக் கட்டிக்கொண்டு. சாக்கு இல்லை, அதையும் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தாள். திறந்த கண்ணில் மழை விழுந்தது. இமை மூடவில்லை.

கன்னத்தைத் தொட்டான். அவள் குளிர்ந்திருக்கிறாளா, தன் கை செத்துவிட்டதா, தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

கதவு ஒருசாண் திறந்திருந்தது.

குழியைச் சுற்றி முதுகுகள். நனைந்த முதுகுகள். இடைவெளியே இல்லாமல் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பால் வாளி சுமந்து சுமந்து எல்லாருக்கும் ஒரு பக்கத் தோள் இறங்கியிருந்தது. ஏழு பேர் இல்லை. எண்ண முடியவில்லை. அவன் இந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால் செத்தவர்களும் இருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றான் முருகையா. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "இவளுக்கும் குளுருது."

யாரும் திரும்பவில்லை. யாரும் நகரவில்லை.

கதவிடுக்கில் ஒரு கை மட்டும் வந்தது. நீர் ஊறி வெளுத்த கை. உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு நின்றது.

முருகையா ஒரு கட்டையைக் கொடுத்தான். இன்னொன்றையும் கொடுத்தான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சூடு வெளியே போய்விடாதபடி, அந்தக் கை கதவைச் சாத்திக்கொண்டது.