செருப்பைப் பார்த்த தீர்க்கதரிசி

"செருப்பு கூடவா தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது சிஸ்டர். வலது கால் செருப்பு. வார் அறுந்து, தண்ணிக்கு மேல ஒரு கல் திட்டுல, கருவேலஞ்செடிக்குக் கீழ கெடந்துச்சு. அதனாலதான் வழுக்கிட்டாரு. நம்ம செல்லக்கண்ணு பிரதர் தற்கொலை பண்ணிக்கல. ரெண்டு தேவதூதருங்க அவரைத் தாங்கிட்டுப் போனதை நான் தரிசனத்துல பார்த்தேன்."

"அல்லேலூயா" என்றது பந்தல்.

ஆலத்தியூர்ப் பக்கம், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்றில் அன்று காலை மிதந்த செல்லக்கண்ணுவின் உடல், இப்போது அந்தச் சாவுப் பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது.

கேள்வி கேட்டவள் எஸ்.ஐ. அனிதா. பெரம்பலூர்க்காரி. ஆறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளி. கர்த்தரை நம்புவாள். கர்த்தர் நேற்று என்னிடம் பேசினார் என்று மைக் பிடிப்பவர்களை மட்டும், காக்கி போடுவதற்கு முன்பிருந்தே நம்பமாட்டாள்.

பதில் சொன்னவர் தீர்க்கதரிசி எலியா மாயவன். வெள்ளை ஜிப்பா, கறுப்புச் சாயம், நோயாளிகளின் நெற்றியைத் தள்ளித் தள்ளியே காய்ப்புக் காய்த்த வலது கை.

"நேத்து எங்க இருந்தீங்க பிரதர்?"

"சென்னையில. மூணு நாள் உபவாச ஜெபம். காலையில போன் வந்துச்சு, நேரா இங்கதான் வரேன். அந்தக் குழி எந்தத் திசையில இருக்குன்னு கூடத் தெரியாது."

ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள் சிந்தாமணி, செத்தவனின் மனைவி.

"அறுக்கக் கொண்டுபோவாதீங்க மேடம். தற்கொலைன்னா கல்லறைத் தோட்டத்துல எடம் இல்லங்குறாரு சபை மூப்பர். வழுக்கி விழுந்தாருன்னு பிரதரே பார்த்துட்டாரு. ஒடம்புல கத்தி படக்கூடாதுன்னும் அவருக்குச் சொல்லப்பட்டுச்சாம்."

அனிதா அவள் அருகில் உட்கார்ந்தாள்.

"உங்க வூட்டுக்காரரு இவருகிட்ட என்ன வேலை பார்த்தாரு?"

"சாட்சி சொல்லுவாரு. ஏழு வருஷமா, ஊர் ஊரா. சக்கர நாற்காலியில போவாரு, பிரதர் கை வச்சதும் எழுந்து நடப்பாரு."

"காலு எப்பம்மா போச்சு?"

சிந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போகவே இல்ல மேடம்."

"அப்ப எல்லாம் நடிப்பா?"

"நல்லா இருந்த மனுசன். ரெண்டு மாசமா தூக்கம் இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை நம்ம சபையில எழுந்து நெசமான சாட்சி சொல்லப் போறேன்னாரு. நேத்து சாயங்காலம் ஒரு போன் வந்துச்சு. கெளம்பிப் போனாரு."

அனிதா எழுந்தாள்.

"அமாவாசை, வண்டிய எடுங்க."

கான்ஸ்டபிள் அமாவாசை ஜீப்பில் ஏறியதும் வாயைத் திறந்தார். "அங்க செருப்பும் இருக்காது, பருப்பும் இருக்காது மேடம். அந்தாளு அடிச்சு வுடுறாரு."

"இருக்கக் கூடாதுன்னுதான் நானும் ஜெபம் பண்ணிட்டு வரேன்."

ஜெபம் கேட்கப்படவில்லை!

குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் வெறும் பச்சைத் தண்ணீர். கயிற்றைப் பிடித்து இறங்கிய அமாவாசை, பாதி வழியில் அப்படியே நின்றார்.

திட்டு இருந்தது. கருவேலஞ்செடி இருந்தது. அதற்குக் கீழே... வார் அறுந்த வலது கால் செருப்பு!

"மேடம்... எனக்கே அல்லேலூயா சொல்லணும் போல இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க. மேலருந்து எனக்கும் தெரியல, காலையில எதிர்ப்பக்கம் ஒடம்ப எடுத்தவங்களுக்கும் தெரியல; இங்க இறங்குனாத்தான் தெரியும். இவருக்குச் சென்னையிலருந்து தெரிஞ்சிருக்கு."

குழிக்குப் போக ஒரே பாதை. பாதையில் பக்கத்து ஆலை லாரிகளுக்கான எடை மேடை. எடை மேடையில் ஒரு கேமரா. அனிதா அதன் முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்தாள்.

பந்தலுக்குத் திரும்பியபோது பாட்டு நடந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"பிரதர் பார்த்த தரிசனம் சரி. சொன்ன எடத்துல செருப்பு இருக்கு."

பந்தல் அதிர்ந்தது. மாயவன் இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார்.

"ஸ்தோத்திரம். ஆண்டவருக்கு மறைவானது எதுவும் இல்ல சிஸ்டர்."

"இல்லதான். செருப்பைக் காட்டுனாரு, செடியைக் காட்டுனாரு, ரெண்டு தூதரையும் காட்டுனாரு. பின்னாலருந்து தள்ளுன கையை மட்டும் ஏன் பிரதர் காட்டல?"

உயர்ந்த கைகள் பாதியில் நின்றன.

"சென்னையில உபவாசம் இருந்தீங்க. உங்க கார் நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு எடை மேடை கேமராவுல போகுது. முன் சீட்டுல செல்லக்கண்ணு. ஓட்டுறது நீங்க. திரும்பி வரப்ப முன் சீட்டு காலி."

மாயவன் கைகளை இறக்கினார். குரலும் இறங்கியது.

"சிஸ்டர்... அந்தத் தரிசனம்... அது ஒரு ஆறுதலுக்குச் சொன்னது. அந்தம்மா மனசு தேறட்டுமேன்னு."

"அப்ப பொய்யா?"

"ஆமா. பொய்தான்."

"பொய்யாச் சொன்ன செருப்பு நெசமாக் கெடக்குதே. அது எப்படி?"



இருபது வருஷ ஊழியத்தில் மாயவனுக்குப் பலித்த தரிசனம் அது ஒன்றுதான். பலித்துத் தொலைத்துவிட்டது!

ஒரு அல்லேலூயா கூட இல்லை. மூப்பர் தன் கைக்கடிகாரத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"குனிஞ்சு ஏறுங்க பிரதர்" என்றார் அமாவாசை, ஜீப்பின் கதவைத் திறந்து. "தலை இடிச்சா கை வச்சுக் கொணப்படுத்த ஆளு இல்ல."

ஐஸ் பெட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சிந்தாமணி தடுக்கவில்லை. அனிதாவின் காக்கிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூதருங்க தாங்குனாங்கன்னு அவன் சொல்றப்ப, கேக்க நல்லா இருந்துச்சு மேடம். நீங்க பொய் சொல்லாதவங்க. ஏழு வருஷம் பொய்ச் சாட்சி சொன்ன மனுசன்... இப்ப எங்க இருப்பாரு? நீங்க சொல்லுங்க. நம்பிக்குறேன்."