தெரிவுமானியில் தொண்ணூற்றேழு

"பன்னிரண்டு" என்றது தெரிவுமானி.

கபிலனின் நெற்றியில் பட்டையாக ஒட்டியிருந்த அந்தக் கருவி, அவன் மூளைக்குள் ஒன்றே ஒன்றைத்தான் தேடும். எந்த மருத்துவமனைக்குப் போவது என்பது தன்னுடைய முடிவு என்று இந்த நோயாளி உண்மையாகவே உணர்கிறானா? அறுபதைத் தொடாதவரை ஆம்புலன்ஸ் நகராது. டாக்டர்கள் கமிஷன் வாங்கிக்கொண்டு கைகாட்டிய இடத்துக்கெல்லாம் ஜனங்கள் போய்ச் சீரழிந்த காலத்துக்கு அப்படித்தான் முற்றுப்புள்ளி வைத்தார்கள். அறுபது என்று நிர்ணயித்த குழுவின் தலைவி சுடர்விழி, இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணவன் கபிலனின் கையைப் பிடித்தபடி நின்றாள். அவனுக்கு மாரடைப்பு.

"ஏங்க, பக்கத்துல நாலு ஆஸ்பத்திரி இருக்கு. ஒண்ணைச் சொல்லுங்க."

"நீயே சொல்லு சுடர். எனக்குச் சட்டைகூட நீதான் எடுக்கறே. இன்னிக்கு ஆஸ்பத்திரியை மட்டும் நான் எடுக்கணுமா?" வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"பதினொன்று."

"மேடம், நீங்க பேசப் பேசக் குறையுது" என்றாள் டாக்டர் பர்வீன்.

"பட்டையைக் கழட்டிடுங்க. நான் பொறுப்பு."

"கழட்டினா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. நீங்க போட்ட பூட்டுதானே."

சுடர்விழி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் காதருகே குனிந்தாள்.

"இங்க பாருங்க. இது உங்க உடம்பு. நான் சொல்றதைக் கேக்க வேண்டாம். டாக்டர் சொல்றதையும் கேக்க வேண்டாம். உங்களுக்கு என்ன வேணுமோ அதுதான் நடக்கும். சத்தியமா."

கபிலன் அவளை வெறித்துப் பார்த்தான். "நிஜமாவா?"

"நிஜமா."

"முப்பது" என்றது கருவி. "அறுபத்தைந்து. தொண்ணூற்றேழு."

வெளியே ஆம்புலன்ஸ் உறுமியது. தொண்ணூற்றேழு, இதுவரை எந்த நோயாளியும் எடுக்காத எண். சுடர்விழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சொல்லுங்க, எங்க போகலாம்?"

"வீட்டுக்கு."

"என்னது?"

"எனக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம் சுடர். இத்தனை வருஷத்துல யாருமே என்னைக் கேட்டதில்லை."

ஆம்புலன்ஸின் உறுமல் அடங்கியது. அவள் வாயைத் திறப்பதற்குள் பர்வீன் அவள் தோளைத் தொட்டாள்.

"எண்பதைத் தாண்டிட்டா நோயாளி முடிவுதான் கடைசி, மேடம். இனிமே நீங்க கெஞ்சினாலும் அது வற்புறுத்தல்தான். நானும் ஒரு வார்த்தை பேச முடியாது."

அந்த விதியையும் சுடர்விழிதான் எழுதியிருந்தாள்.

கபிலன் மார்பை அழுத்திக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவன் இவ்வளவு நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

"நீயும் வர்றியா?" என்றான். "உன் இஷ்டம்தான்."