சிவந்துபோன தோப்பு

மப்ரூக்கா அத்தையின் பேரீச்ச மரங்கள் வாடிக்கொண்டிருந்தன. வாய்க்காலில் தனக்குத் தண்ணீரே வருவதில்லை என்று அத்தை சொன்னார்.

பக்கத்துத் தோப்பு மொன்ஜி மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாருக்கும் சமமாத்தான் போகுது. இவங்க சும்மா புலம்புறாங்க" என்றார்.

பத்து வயது யுஸ்ராவுக்கு அத்தையைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவளுடைய சித்தி சல்வா, செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள்.

"சித்தி, நம்ம தோப்பெல்லாம் மேல இருந்து எப்படித் தெரியுதுன்னு காட்டேன்!" என்று யுஸ்ரா விடாமல் நச்சரித்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தோப்புக்காரர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்க்க யுஸ்ராவின் வீட்டில் கூடினார்கள். கையில் புதினாத் தேநீர். எதிரே சித்தியின் மடிக்கணினி.

சித்தி படத்தைத் திறந்தாள். ஒரே கறுப்பு! ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு.

"என்னம்மா, செயற்கைக்கோள் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துச்சா?" என்று மொன்ஜி மாமா கேட்டார். கூட்டம் சிரித்தது.

சித்தி எதை எதையோ அழுத்திப் பார்த்தாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

"அந்த வெள்ளை என்ன சித்தி?" என்றாள் யுஸ்ரா.

"நம்ம உப்பு ஏரிடி."

"அப்போ அதுதான் கெடுக்குது! சூரியன் பின்னால இருக்கும்போது போட்டோ எடுத்தா நம்ம மூஞ்சி கறுப்பா விழுமே, அதே மாதிரி! ஏரியை விட்டுடு. தோப்புக்கு மட்டும் வெளிச்சத்தைச் சரி பண்ணு."

சித்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். தோப்புகளைச் சுற்றி மட்டும் ஒரு கட்டம் போட்டு, அதற்கு ஏற்றபடி வெளிச்சத்தை மாற்றினாள். ஏரி வெறும் வெள்ளைத் துணியாகிவிட்டது. தோப்புகளோ பளிச்சென்று தெரிந்தன, ரத்தச் சிவப்பில்!

"ஐயையோ! என் தோப்பு எரியுதே!"

மொன்ஜி மாமா தேநீர்க் குவளையோடு தெருவில் பாய்ந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. யுஸ்ரா துரத்திப் போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"டீயை ஊத்தியா மாமா தீயை அணைக்கப் போறீங்க? அங்க தீயே இல்ல, வாங்க!"

திரும்பி வந்தவரிடம் சித்தி சொன்னாள்: "நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இலையில பட்டுத் திரும்பும், மாமா. அதைத்தான் சிவப்பாக் காட்டியிருக்கேன். சிவப்பா இருந்தா மரம் செழிப்பா இருக்குன்னு அர்த்தம்."

மாமாவின் நெஞ்சு நிமிர்ந்தது. திரையில் விரலை வைத்தார். "பாத்தீங்களா? ஊர்லயே என்னோடதுதான் சிவப்பு! சும்மா தக்காளி மாதிரி!"

"ஆமா மாமா, நல்லாத் தண்ணி குடிச்சிருக்கு. பக்கத்துல வெளிறிப்போய் ஒரு துண்டு இருக்கே, அது யாரோடது?" என்றாள் யுஸ்ரா.

மாமாவின் விரல் நின்றுவிட்டது. அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். மப்ரூக்கா அத்தை எழுந்து வந்து மாமாவின் குவளையில் தேநீர் ஊற்றினார்.

மாமா மீசையைத் தடவினார். "அது... அவங்க மடையில ரெண்டு மூணு கல்லு கிடக்கு போல. தானா உருண்டு வந்திருக்கும்."

"கல்லுக்குக் கால் முளைச்சிருக்கும்" என்றார் அத்தை. மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அத்தையின் தோப்புக்குள் தண்ணீர் சலசலவென்று ஓடியது. முழங்கால் வரை சேற்றோடு, மடையிலிருந்த கற்களைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தவர் மொன்ஜி மாமாதான்.