செங்குன்றத்துச் சித்திரமாடம்

மாலைக் கதிரவனின் செம்பொற் கிரணங்கள் மஞ்சாற்று வெள்ளத்தில் கரைந்துகொண்டிருக்கும் இந்த வேளையில், வாசகர்களே, மூங்கிற் காடுகள் சூழ்ந்த செங்குன்றத்தின் சரிவில் நம்முடன் ஏறி வாருங்கள்! பாறையைக் குடைந்து அமைத்த சித்திரமாடம் ஒன்று அங்கே இருக்கிறது. ஏழு தலைமுறை மன்னர்கள் அதன் சுவர்களில் ஓவியங்களாக நிற்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக எஞ்சியிருந்தவள் ஓவியம் தீட்டும் காரிநங்கை ஒருத்திதான். போரில் நாடு வீழ்ந்து, ஊரார் மலைக்கு அப்பால் ஓடி ஒளிந்த இந்த இரண்டு ஆண்டுகளில் அவள் மனிதக் குரலைக் கேட்ட நாட்கள் மிகச் சில.

அன்று ஆற்றங்கரையில் குதிரைகளின் குளம்பொலி கேட்டதுமே பகைவர்கள் வருவதன் காரணம் அவளுக்கு விளங்கிவிட்டது. மாறுவேடத்தில் திரியும் இளவரசர் கோவேளின் முகத்தை அவர்களில் எவரும் கண்டதில்லை. அந்த முகம் இந்தச் சுவரில் இருந்தது. காரிநங்கை கத்தியை எடுத்துச் சுரண்டினாள். அவள் பார்த்துப் பார்த்துத் தீட்டிய முகம் சுண்ணப் பொடியாகக் காலடியில் உதிர்ந்தது.

உள்ளே நுழைந்த பகைத் தளபதி பூதவிக்கிரமன் சீறினான்.

"அழித்த கையாலேயே மீண்டும் தீட்டு, பெண்ணே! விடிந்ததும் தொடங்கு. மறுத்தால், ஒளிந்திருக்கும் உன் ஊரார் ஒருவரையும் உயிரோடு விட மாட்டேன்!"

"தீட்டுகிறேன், தளபதியாரே. சுண்ணம் உலருமுன் முடிக்க வேண்டும். நடுவில் எவரும் பேச வேண்டாம்."

மறுநாள் காலை அகன்ற நெற்றியும், சற்றே வளைந்த நாசியும், சிரிப்பை அடக்க முயலும் உதடுகளும் சுவரில் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. தீட்டத் தீட்டக் காரிநங்கையின் கண்களிலிருந்து நீர் தாரையாகப் பெருகியது.

"ஏன் அழுகிறாய்?" என்றான் தளபதி.

"காட்டிக்கொடுப்பவள் வேறென்ன செய்வாள், ஐயா?"

அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு அவனுக்கு ஐயமே எழவில்லை. முகத்தைத் துணிகளில் படியெடுத்து, துறைகள்தோறும் காவலருக்கு அனுப்பினான். ஒரு திங்களுக்குள் இளவரசர் கோவேள் பட்டப்பகலில் மஞ்சாற்றுத் துறையைக் கடந்து தம் மாமனின் நாட்டை அடைந்தார். கையில் படத்துடன் நின்ற காவலன் அவரை ஏற இறங்கப் பார்த்து, "நீ போகலாம்!" என்று வழிவிட்டானாம்.

அப்படியானால், இளவரசரின் மணிமுடியைச் சூடிச் சுவரில் நிற்பவன் யார்? போரின் முதல் நாளிலேயே மாண்ட காலாட்படை வீரன் கடம்பன், காரிநங்கையின் கணவன்! அவன் முகத்தைத் தீட்டும் துணிவு அதுவரை அவளுக்கு வந்ததில்லை.

படம் தீட்டி முடித்த அன்றே, குதிரைகள் சரிவிறங்கி மறைந்த பின் அவள் அந்த முகத்தின் எதிரே வந்து அமர்ந்தாள்.

"வந்துவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

பாறைச் சுவர்கள் அவள் குரலையே அவளுக்குத் திருப்பித் தந்தன.