மேளம் நிற்காத கேம்

"யாரைக் கேட்டு என் ஸ்கிரிப்ட்ல கை வச்சீங்க?"

கடைக்குள் கால் வைக்கும்போதே கேட்டுவிட்டாள் கோகிலவாணி. அவள் குடையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக மேசையில் விழுந்தது. தாராவி தொண்ணூறடி ரோட்டில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற சுயம்பு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... ஐயோ, பால் குடித்துவிட்டு மாட்டிக்கொண்ட பூனையேதான்! சிரித்துத் தொலைத்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஃபேன் மாத்துனா ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பாப்போம் மேடம். அப்பதான் சூடாகுதான்னு தெரியும். உள்ள உங்க கேம் இருந்துச்சு, அதையே ஓட்டுனேன். சண்டை முடிஞ்சும் உருமி நிக்கவே மாட்டேங்கு... பக்கத்துக் கடை வானமாமலை அண்ணாச்சி, 'ஏலே, கடைக்குள்ள கோயில் கொடையா நடத்துத?'ன்னு வந்துட்டாரு."

பொய்யில்லை. வாளும் குதிரையுமாக ஒரு விளையாட்டு. அதில் சண்டை தொடங்கினால் உருமி மேளம் கொட்ட வேண்டும், முடிந்தால் நிற்க வேண்டும். ஆபீஸ் முடிந்து வந்து மூன்று மாதமாக அதற்கான கட்டளைகளைத்தான், அந்த ஸ்கிரிப்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். வீரன் தப்பியோடிப் பாறை மறைவில் ஒளிந்த பிறகும் மேளம் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஒரு கேம் கம்பெனி இன்டர்வியூவில் இதைக் காட்ட வேண்டும். நேற்று லேப்டாப்பை வாங்கிப்போய் ஓட்டினால்... கச்சிதமாக நின்றது! குதித்தாள். அடுத்த நிமிடமே கோபம் வந்தது. இனி இதை என் வேலை என்று எந்த முகத்தோடு சொல்வது?

"என்ன மாத்தினீங்க?"

"ஒரே வரிதான், எனக்கும் கொஞ்சம் புரோகிராம் எழுத வரும். எதிரி என்ன செய்யுதான்னு கேட்டா கேம் மூணு பதில் சொல்லும். பூஜ்யம்னா சும்மா இருக்கான், ஒண்ணுன்னா சண்டை போடுதான், ரெண்டுன்னா ஆளத் தேடுதான். நீங்க பூஜ்யம் இல்லன்னாலே சண்டைன்னு எழுதிட்டீங்க."

மூன்று மாதம்... இவ்வளவுதானா! காது சுட்டது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, அவன் கண்ணெதிரிலேயே அந்த வரியை அழித்தாள்.

"உங்க உதவி ஒண்ணும் வேணாம்!"

"சரி மேடம். ஆனா திரும்பவும் அதத்தான எழுதணும்?"

கிளம்பலாம் என்றால் மழை விடுகிறதா! கோபமா, வெட்கமா, இரண்டும் இல்லாத வேறு எதுவோவா... அவளுக்கே பிடிபடவில்லை.

"இன்னொரு தப்பும் பண்ணிட்டேன்," அவன் குரல் இறங்கியது. "ஃபேன் மொத நாளே சரியாயிட்டு. சாமான் வரலன்னு நாலு நாளு இழுத்தது பொய்."

"பாகலா நீங்க, பைத்தியமா? எனக்கு நாலு நாள் போச்சு! எதுக்கு?"

"தெனம் சாயங்காலம் வந்து 'ஆச்சா?'ன்னு கேட்டுட்டு, ரெண்டு நிமிஷம் நிப்பீங்கல்லா... அதுக்குத்தான். உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

நன்றாகத் திட்ட வேண்டும். ஆனால்... ஆபீஸ் இருக்கும் நெருளிலிருந்து ரயிலில் வடாலா வந்து, நேரே மாட்டுங்கா வீட்டுக்குப் போக வேண்டியவள், எதற்காகத் தினமும் இந்த மழையில் இங்கே வந்தாள்? ரசீதில்தான் கடையின் போன் நம்பர் இருந்ததே... ஒரு தடவையாவது அடித்தாளா? கடவுளே!

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைத் தானே திரும்ப எழுதினாள். அதற்கு மேலே 'சுயம்பு' என்று பெயரையும் போட்டாள்.

அவன் பதறினான். "அய்யோ, வேண்டாம் மேடம்! வேலை கிடைக்காம போயிரும்."

"போனா போகட்டும். திங்கட்கிழமை கேட்டா, இந்த வரி இவர் எழுதினதுன்னு சொல்லிடுவேன்."

"யாரு இவர்னு கேட்டா?"

கோகிலவாணி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கட்டிக்கப் போறவர்னு..."